பதுங்குகுழியில் பெரியப்பா

மண்ணைக் கையாலேயே விலக்கினாள் ஜோரலின். மண்வெட்டி பட்டால் எலும்பு உடையும். முழு எலும்புக்கூடு. அதன் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்து, வளைந்து கூடியிருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மணிலாவிலிருந்து மலையேற வந்திருந்த இருவரில் ஒருவன் கைபேசியை நீட்டினான். "ஜப்பான்காரனா அக்கா?"

"படம் எடுக்காதே தம்பி. எங்க வீட்டு ஆளு."

இந்த முகட்டுக்கு ஆட்களைக் கூட்டி வருவது பல வருடமாக அவள் வேலை. பீரங்கி எங்கே நின்றது, குண்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று காட்டுவாள். ஆள் வராத நாட்களில் இங்குள்ள பழைய பதுங்குகுழிகளில் சர்க்கரைவள்ளி போடுவாள். மண் பொலபொலவென்று இருக்கும். முந்தைய நாள் மழையில் ஒரு குழியின் பக்கச் சுவர் சரிந்து எலும்பு வெளியே தெரிந்தது.

வளைந்த இடது கை, கணவன் கான்ராடோவின் பெரியப்பாவுடையது. சின்ன வயதில் பாக்குமரத்திலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை மூட்டை சுமக்கப் பிடித்துப் போனார்கள். இந்த முகட்டிலேயே செத்தார். பிற்பாடு மாமனார் வந்து ஓர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார். அதில் இடது கை இல்லை. காட்டுப்பன்றி இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். வழக்கப்படி துடைத்து, நெய்த போர்வையில் சுற்றி, பன்றி அறுத்து, தூண்மேல் நிற்கும் வீட்டுக்கடியில் வைத்தார்கள்.

அந்த மூட்டையோடுதான் ஜோரலின் குடித்தனம் நடத்தினாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதற்கு ஒரு கோழி. கான்ராடோவோடு சண்டை என்றால் அதனிடம் போய்ப் புலம்புவாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். கான்ராடோ வெற்றிலை மெல்வதை நிறுத்தினான்.

"அப்போ கீழ இருக்கிறது யாரு?"

"யாரோ சிப்பாய்."

"இத்தனை வருஷம் நம்ம பன்னியத் தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீ தின்னத விடக் கம்மிதான்."

அவன் சிரிக்கவில்லை. "பெரியப்பாவச் சுட்டவனாவே இருந்தா? நாளைக்கே அவனக் கொண்டுபோய் அந்தக் குழியில போட்டுடறேன்."

"உன்னப் பத்தி நான் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளிய அனுப்பினா ஊரெல்லாம் சொல்லிடுவாரு."

"என்ன சொன்ன?"

"அது எங்களுக்குள்ள."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "ரெண்டாவது புள்ள பிழைக்கணும்னு அவர்கிட்டதான் கேட்டேன். பிழைச்சான். அவர் போகக்கூடாது, கான்ராடோ."

அவன் வெளியே எட்டிச் சாற்றைத் துப்பினான். "பெரியப்பா ஒத்துக்கணுமே."

"அவருக்குப் பெரிய பன்னியா அறு."

மறுநாள் காலை கான்ராடோவும் அவன் தம்பியும் பெரியப்பாவை முகட்டிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். ஜோரலின் துடைத்தாள். புதுப் போர்வையில் சுற்றினார்கள். பன்றி அறுத்து அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு கொடுத்தார்கள். பெரியப்பாவை ஏணிப் பக்கமும் மற்றவரைக் கோழிக்கூட்டுப் பக்கமும் வைத்தார்கள். மதியம் மழை பிடித்தது. மலையேற வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை.