எழுந்து நின்ற தேங்காய்

அந்தத் தேங்காய் தானாக எழுந்து நிற்கவில்லை. நான்தான் பெருவிரலால் நிமிர்த்தினேன். இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போன மாதம் இறந்துவிட்டார்.

பரளச்சிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருந்தது. மழை பெய்தால் கொத்தமல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். நான் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு படித்த இரண்டு வருடமும் அங்கே விளைந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் அப்பா, அம்மா, நான். அம்மா விடியுமுன்னே கிணறு இருக்கிறவர்கள் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போய்விடுவாள் என்பதால் காலையில் எனக்குச் சடை போடுவது அப்பா. அவருக்குக் கயிறு திரிக்கத்தான் தெரியும். என் தலையிலும் அதையே திரித்துவிடுவார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்கயிறு என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். சாயங்காலம் வரை நான் அவிழ்த்ததே இல்லை.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் திருப்பூரிலிருந்து மாமா வந்தார். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“போர் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன் மச்சான். நீரோட்டம் இல்லன்னா அங்க வந்துர வேண்டியதுதான்.”

கதவுக்குப் பின்னால் நின்று இதை மட்டும் கேட்டேன். எங்கள் தெருவில் திருப்பூருக்குப் போன அப்பாக்கள் எல்லாரும் தனியாகத்தான் போனார்கள். பொங்கலுக்கு வந்து, பிள்ளைகளைப் பார்த்து, “எத்தனாப்பு படிக்கிற?” என்று கேட்பார்கள். என் அப்பா என்னை அப்படிக் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பந்தல்குடியிலிருந்து நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக் காட்டில் நடப்பார். கீழே தண்ணீர் இருந்தால் அது தானாக எழுந்து, குடுமியை மேலே காட்டி நிற்கும் என்பது நம்பிக்கை. ஒரு மணி நேரம் நடந்தார். தேங்காய் நிம்மதியாகத் தூங்கியது.

“ஓட்டம் இல்லண்ணே. வீணா எறங்காதீக,” என்று சொல்லிவிட்டுப் போனார். நேர்மையான மனிதர். அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது.

அப்பா தானும் ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு விளையாட்டாகத்தான் என் கையில் கொடுத்தார்.

“பாப்பா, நீ வச்சுப் பாரு. பிள்ளைக கைக்குச் சொல்லும்பாக.”

என் கை சிறியது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். வடக்கு மூலையில் ஒரு பனைமரம். அதன் பக்கத்தில் போனதும் இரண்டு பெருவிரலையும் அடியில் கொடுத்து நெம்பினேன்.

“அப்பா! நிக்கிது!”

ஓடி வந்தார். தேங்காயைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அப்புறம் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

“தானா நின்னுச்சா ஆத்தா?”

“தானாத்தான்.”

சிரித்தார். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மறுநாள் அம்மாவின் காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி இருந்தது.

போர் லாரி வந்த அன்று எனக்குத் திருவிழா. முதலில் கறுப்பாக மண் வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு மாவு மாதிரி வெள்ளைப் பாறைத்தூள். தெருப்பிள்ளைகளோடு அதில் புரண்டேன். அப்பா மட்டும் குழாய்ப் பக்கத்திலேயே நின்று, தூளை அள்ளி அள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஈரம் பட்டு ஒரு தடவையாவது பிடி நிற்க வேண்டுமே! உதிர்ந்துகொண்டே இருந்தது. லாரிக்காரர் போதும் என்றார். இன்னொரு பைப் இறக்கச் சொன்னார் அப்பா. அதிலும் புழுதி.

எஞ்சின் நின்றது. அடி விழும் என்று நின்றேன். அப்பா வந்து, துண்டால் என் முகத்துத் தூளைத் துடைத்தார்.

“பாப்பா கை பொய் சொல்லாது. தண்ணி இன்னும் ஆழத்துல கெடக்கு. நமக்குத்தான் எட்டல.”

நாலாம் நாள் காலையில் எனக்குச் சடை போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். அந்தச் சடையை எட்டு நாள் நான் அவிழ்க்கவிடவில்லை. அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து, சிக்கெடுத்து, அழகாகப் பின்னிவிட்டாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அதன் பிறகு அவர் பொங்கலுக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார். ஒரு பொங்கலுக்கு, “எத்தனாப்பு ஆத்தா படிக்கிற?” என்று கேட்டே விட்டார். கம்பெனி ரூமில் ஆண்களோடு ஆணாய்ப் படுத்து, பஞ்சுத்தூசியில் இருமி, அங்கேயே முடிந்தும் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின், அம்மாவிடம் தேங்காய் விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

“அது அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்,” என்றாள் அம்மா. “பெருவெரலு ரெண்டும் வெளுத்துக் கெடந்துச்சு, அம்புட்டு அமுக்கியிருக்குன்னு சொன்னாக. பிள்ளைக்கு இந்தக் காட்ட விட்டு வர மனசில்ல போல, அதுக்காகவாச்சும் போட்டுப் பாத்துருவோம்னாக.”

“காட்டுக்காக இல்லம்மா. அப்பா நம்மள விட்டுப் போயிருவாகன்னு...”

அம்மா என்னைப் பார்த்தாள். கை அவளை அறியாமல் காதைத் தொட்டது.

“விட்டுட்டா? யாரு சொன்னா ஒனக்கு? கம்மல வித்து அங்க வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு, மூணு பேரும் ஒண்ணாப் போறதுன்னுல்ல பேசி வச்சிருந்தோம்.”

அந்தப் பஸ்ஸில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது.