இருபத்தேழாம் எண் மனை

மேஸ்திரியின் கையெழுத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தமிழில் போட்டிருந்தார், ஒவ்வோர் எழுத்தையும் செங்கல் வைப்பதுபோல நிதானமாக. ஆங்கிலத்தில் தட்டச்சான தாளின் அடியில், அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போட்டுக்கொடுத்த கையெழுத்து. தெரிந்திருக்க வேண்டியவள் நான். தட்டச்சு செய்தவளே நான்தானே!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூரைச் சுற்றி ரிங் ரோடு வளைந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு நிலம் எடுக்கும் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்திருந்தேன். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்தவள். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். குடும்பம் ஓடியது என் சம்பளத்தில். அதுவும் நிரந்தரமாகாத வேலை. இரண்டு வருடத் தகுதிகாண் காலம் முடிவதற்குள் ஒரு மெமோ வாங்கினால் போச்சு, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பயந்து பயந்து வேலை பார்த்த காலம்.

சர்வேயர் சார் கன்னடக்காரர். சாலை போகப்போகிற பாதையில் நடந்து, சுவர்களிலும் கற்களிலும் மஞ்சள் எண் போட்டு, தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வருவார். ஒருநாள் மழையில் அந்த நோட்டு நனைந்துவிட்டது. இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே மை கரைந்து, முப்பதுக்கு நாற்பது அடி என்ற அளவு மட்டும் மிஞ்சியிருந்தது. வெளியே பெஞ்சில் அந்த இடத்துக்காரரான மேஸ்திரியே உட்கார்ந்திருந்தார். "உங்க ஆளுதான் மேடம், தமிழ்நவரு. நீங்களே கேட்டு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு சார் சாப்பிடப் போனார்.

அளவை மட்டும் பார்த்ததும் காலியிடம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். "ஐயா, ஏரிப் பக்கத்துல உங்களது மனைதானே?" என்றேன். வெயிலில் கறுத்த முகம் மலர்ந்துவிட்டது. "ஹௌதும்மா, மனெதான். இந்த ஆபீஸ்ல தமிழ்ல கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. 'காலி மனை' என்று ஆங்கிலத்தில் அடித்து நீட்டினேன்; கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆம்பூரில் மனை என்றால் வீடு கட்டாத வெறும் நிலம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த மேஸ்திரிக்கு அது சைட்டு. கன்னடத்தில் 'மனெ' என்றால் வீடு. நான் நிலத்தைக் கேட்டேன், அவர் வீட்டைச் சொன்னார். இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டோம், என்ன கொடுமை!

அந்த ஒரு சொல்லில் அவருடைய குடும்பமே இருந்தது. பாதையில் வீட்டைப் பறிகொடுப்பவருக்கு வேறோர் இடத்தில் சைட்டு ஒதுக்குவார்கள். வெறும் நிலத்துக்காரருக்கு நிலத்தின் விலை மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு பெங்களூரில் கக்கூஸ்கூடக் கட்ட முடியாது. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானதும் மேஸ்திரி ஓடி வந்தார். ஊர்க்காரர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சின ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் மனைவியுமாக ஒவ்வொரு சுவராக எழுப்பின வீடாம் அது. "எங்க மனெ பேரே காணோமேம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சர்வேயர் சாரிடம் சொன்னேன். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரே சைன் போட்டுட்டாரு. இப்ப மாத்தணும்னா தப்பு உங்களதுன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். கன்ஃபர்மேஷன் பர்லி மேடம், வேலை நிரந்தரமாகட்டும், ஆமேலே பாக்கலாம். சும்னே இரிங்க." சும்மா இருந்தேன். நான்கு மாதம். கெட்டவர் இல்லை சார்; அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்ட நானும் கெட்டவள் இல்லை என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

திங்கட்கிழமைதோறும் மேஸ்திரி வருவார். நேரே என் மேசைக்குத்தான். "ஃபைல் நகர்ந்துச்சாம்மா?" என்பார். "பார்க்கிறேன் ஐயா" என்பேன். அவருடைய ஃபைல் என் இழுப்பறையில்தான் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை தன் தோட்டத்து முருங்கைக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாம்பார் வைத்தேன். சாப்பிடவும் சாப்பிட்டேன்.

பணி நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்றே, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி திட்டவில்லை. நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி சர்வேயர் சாரை அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார் சார். முந்தின வாரமே அங்கே புல்டோசர் வந்துபோய்விட்டதாம். "என்ன எழுதறது சார்?" என்றேன். "கண்ணுல கண்டதைத்தானே எழுதணும் மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன்: ஸ்தலத்தில் கட்டடம் ஏதும் காணப்படவில்லை. காலி மனை.

இப்போது மகளுடைய வீடு வைட்ஃபீல்டில். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கார் அந்த இடத்தில்தான் நின்றுவிடும். மேலே மேம்பாலம், கீழே ஹாரன் சத்தம், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். முன்பெல்லாம் இங்கே சர்ரென்று போகலாம் என்பார்கள் டிரைவர்கள். முன்பு அங்கே ஒரு வீடு இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

அறிக்கை போன அடுத்த திங்கட்கிழமையும் மேஸ்திரி வந்தார். தாளை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். 'காலி மனை' என்ற இடத்தில், இந்த முறை, "வெறும் சைட்டு" என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். சத்தம் போடுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். ஒருவிதத்தில் அதை வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

"சரியாத்தானேம்மா எழுதியிருக்காங்க" என்றார். "உங்க மேல தப்பில்ல. மெஷின் வந்தா உடைச்சிருவான்னு, முந்தின நாளே கூரை ஓடுங்களை எல்லாம் நான்தான் இறக்கினேன்."