குறையாத ஓட்ஸ் வாளி

2019ஆம் ஆண்டு ஜனவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. காலை பதினொன்றே காலுக்கு டாக்டர் அடெயிங்கா கணினித் திரையை நெஸ்டர், வெர்னா தம்பதியின் பக்கம் திருப்பினார். அக்டோபர் இரத்தச் சோதனையில் 148 என்று இருந்த எண் இப்போது 143.

"மூணு மாசம் கோதுமை, பார்லி, ரை எதையும் தொடாம இருந்திருந்தா இது பாதியாவது இறங்கியிருக்கணும். எங்கயோ சாப்பிடுறீங்க, நெஸ்டர்."

"நானா? இவ குடுக்கிறதைத் தவிர ஒரு துணுக்கு வாயில போடல, டாக்டர்."

டாக்டர் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா கணவனைப் பார்த்தாள். நெஸ்டர் தன் தொப்பியைப் பார்த்தார்.

கோதுமையில் உள்ள பசை நெஸ்டரின் குடலுக்கு ஆகாது என்று அக்டோபர் மூன்றாம் தேதிதான் தெரிந்தது. அறுபத்தாறு வயது வரை கோதுமை விதைத்து, கோதுமை அறுத்து, கோதுமை ரொட்டி தின்ற மனிதர். எண்பத்து நான்கு கிலோ இருந்தவர் எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று துளை போட்டிருந்தார். அடுத்த சோதனை ஏப்ரல் ஒன்பது. அன்றும் எண் இறங்காவிட்டால் சஸ்கட்டூன் நகரத்துக்குப் போய்க் குடலுக்குள் கேமரா விட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த வேறு ஏதாவதுக்கு டாக்டர் பெயர் சொல்லவில்லை. 

அவர்கள் ஊரான லோர்டன் வரை இருபத்தாறு கிலோமீட்டர். வெர்னாதான் வண்டியை ஓட்டினாள்.

வெர்னா இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிள்ளைகள் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை தலை எண்ணுவாள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் வண்டி நகராது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பதில் இப்போது ஓட்ஸ் உருண்டைகளை எண்ணினாள்.

அடுப்பே வேண்டாத உருண்டை அது. ஓட்ஸ் அவல் இரண்டு கோப்பை, வேர்க்கடலை வெண்ணெய் ஒரு கோப்பை, தேன் அரைக் கோப்பை, பொடித்த ஆளி விதை அரைக் கோப்பை, தோட்டத்தில் பறித்து உலர்த்திய சஸ்கட்டூன் பெர்ரி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் மரக் கரண்டியால் கிளறி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு உருட்டினால் இருபத்து நான்கு வரும். நாளைக்கு நான்கு. ஆறு நாளைக்கு ஒரு தடவை உருட்டினால் போதும். ஓட்ஸ் சாப்பிடலாம், ஆனால் கோதுமை கலக்காத ஓட்ஸாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதற்கென்றே முத்திரை போட்ட பையைத்தான் வாங்குவாள். பையைப் பிரித்து நான்கு லிட்டர் ஐஸ்கிரீம் வாளியில் கொட்டி மூடி வைப்பாள். உருட்டிய நாளை நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டுக் குறிப்பாள்.

காலை ஒன்பதரைக்கு நெஸ்டர் நான்கு உருண்டையைத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டு கூட்டுறவுக் கடையின் காபி மேசைக்குப் போவார். ஏழு பழைய விவசாயிகள், ஏழு நாற்காலிகள். மேசை நடுவில் எப்போதும் ஒரு தட்டு டோனட் இருக்கும்.

வெர்னாவின் சந்தேகம் முதலில் போய் உட்கார்ந்த இடம் அந்தத் தட்டு.

அன்று மாலையே அவர் கழற்றி மாட்டிய மேல்கோட்டின் காலரை முகர்ந்து பார்த்தாள். டீசல் வாடை. மறுநாள் வண்டி இருக்கையில் ஒரு துணுக்கு கிடைத்தது. ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அது காய்ந்துபோன சேறு. பதினைந்தாம் தேதி நேராகக் கடைக்கே போய், காபி ஊற்றும் கோரினிடம் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு, கோரின். இவன் என்ன திங்கிறான் இங்க?"

"கறுப்புக் காபி. அப்புறம் உன்னோட அந்த மண்ணுருண்டை."

"டோனட்?"

"தொடுறது கூட இல்லக்கா. பார்த்துப் பெருமூச்சு விடுவாரு. பெருமூச்சுல பசை இருக்கா என்ன?"

வெர்னா நம்பவில்லை. அந்த மேசையில் ஒருவன் குடித்துவிட்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கியபோது, மற்ற ஆறு பேரும் மான் குறுக்கே வந்ததாகச் சத்தியம் செய்தவர்கள். கோரின் அவர்களுக்குக் காபி ஊற்றுகிறவள்.

பிறகு கராஜ். அங்கே கரகரவென்று ஏதோ சத்தம் வருவதைச் சில நாட்களாகவே கேட்டிருந்தாள். பிஸ்கட் டப்பாவை மறைத்து வைத்திருப்பாரோ என்று, அவர் முடி வெட்டப் போன நேரத்தில் அலமாரி, கருவிப்பெட்டி, பழைய பனிக்காலணிகளின் உள் எல்லாம் தேடினாள். ஒன்றும் இல்லை. பட்டறை மேசையில், முன்பு காலைக் கஞ்சிக்குக் கோதுமை நசுக்கிய கைச்சுற்று உருளை மட்டும் இருந்தது. அதன் பிடியில் தூசி இல்லை என்பதைக் கண் பார்த்தது. டோனட்டைத் தேடிக்கொண்டிருந்த மனம் பார்க்கவில்லை.

அவர் மேல் ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் அவள் மேலேயே திரும்பியது. செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிப் பிரோகி பிடிப்பார்கள். கோதுமை மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்கை வைத்து மூடி, ஒரு நாளைக்கு நூறு டஜன். வெர்னா இருபத்திரண்டு வருடம் போனாள். தலைமுடியில், நகக்கண்ணில் மாவு ஒட்டி வந்து இவருக்கு விஷமாகிறதோ? ஜனவரி இருபத்திரண்டாம் தேதியோடு நிறுத்தினாள்.

"நீ இல்லாம ஓரம் யாரு மடிப்பாங்க?" என்று நெஸ்டர் கேட்டார்.

"எவளோ மடிப்பா. எனக்கு உன் குடல் முக்கியம்."

அவர் முகம் சிவந்தது. தட்டிலிருந்த உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்கென்னமோ இதுலதான் ஏதோ இருக்கோன்னு தோணுது. இந்தக் கடலை வெண்ணெய் எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? தேன்ல என்ன கலக்கிறான்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியும். தேன் உன் சித்தி மகன் தேன்."

"அவனைத்தான் சொல்றேன்."

ஜனவரி முப்பதாம் தேதி காலை வெளியே மைனஸ் முப்பத்தேழு. நெஸ்டரின் வண்டி கிளம்பவில்லை. அவர் வரவேற்பறையில் உட்கார்ந்து வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னா உருண்டைக்கு எடுத்து வைத்தாள். அளவைக் கோப்பையை வாளிக்குள் விட்டு இரண்டு கோப்பை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். நாட்காட்டியில் வட்டம் போடப் பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அந்த வாளியை நிரப்பியது டிசம்பர் ஒன்றாம் தேதி. அன்றைய கட்டத்தில் 'புது வாளி' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. வட்டங்களை எண்ணினாள். டிசம்பரில் ஆறு, ஜனவரியில் நான்கு. மொத்தம் பத்து. தடவைக்கு இரண்டு கோப்பை என்றால் இருபது கோப்பை. வாளியின் கொள்ளளவு பதினாறு. ஜனவரி பன்னிரண்டாம் தேதியே வாளி காலியாகியிருக்க வேண்டும்.

அலமாரியைத் திறந்தாள். அடுத்து வாங்கி வைத்த இரண்டு பைகளும் பிரிக்காமல் இருந்தன. வாளியில் இருந்ததை அளந்தாள். கிண்ணத்துக்குப் போனதையும் சேர்த்து ஆறு கோப்பை.

இத்தனை நாளும் வீட்டில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குறைய வேண்டியது குறையாமல் இருந்ததைப் பார்க்கவில்லை. அட்சய பாத்திரம் அவளுடைய சமையலறைக்கு வரும் அளவுக்கு அவள் புண்ணியம் செய்தவள் இல்லை. யாரோ பத்துக் கோப்பை கொட்டியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

புதிய பை ஒன்றைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, வாளியிலிருந்து ஒரு பிடியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். பையில் இருந்தது வெளுப்பாக, ஒரே தடிமனாக இருந்தது. வாளியில் இருந்தது பாதி வெளுப்பு, பாதி பழுப்பு. அந்தப் பழுப்பில் ஒன்று ஓட்ஸே இல்லை. சப்பையாக நசுங்கிய கோதுமை.

"நெஸ்டர். இங்க வா."

குரலைக் கேட்டதும் அவர் வானொலியை அணைத்துவிட்டு வந்தார். மேசையில் இரண்டு குவியலையும் பார்த்தார். உட்கார்ந்தார்.

"எப்போலேருந்து?"

"நவம்பர்லேருந்து."

"நான் எங்க இருந்தேன்?"

"நீ குளிக்கப் போவே. இல்ல, பிரோகிக்குப் போவே."

"எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம வடக்குக் காட்டுது. குத்தகைக்காரன் டாரில் விதைச்சது. உமியில்லா ஓட்ஸ், அருமையான மணி. நான்தான் கராஜ்ல நசுக்கினேன்." அவர் நிமிர்ந்தார். "டோனட் தின்னேன்னா தலைகுனிவேன். இது ஓட்ஸ். நீ போடுறதும் ஓட்ஸ்தானே?"

"அப்போ ஏன் ஒளிச்சுக் கொட்டினே?"

நெஸ்டர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "அந்த மேசையில என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க தெரியுமா? பை ஓட்ஸ். முப்பத்து நாலு வருஷம் ஓட்ஸ் விளைவிச்சவன், படம் போட்ட பையில ஓட்ஸ் வாங்கித் திங்கிறானாம். ஒரு நாள் டப்பாவைத் திறந்து, இது என் காட்டுல விளைஞ்ச ஓட்ஸுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நிறுத்திட்டாங்க. நீயும் சந்தோஷமாத்தானே உருட்டினே?"

"டாரிலோட அறுப்பு வண்டி அதுக்கு முன்னால எதை அறுத்துச்சு?"

"கோதுமை."

"ஏத்தின லாரி?"

"அதேதான்."

"நசுக்கின உருளை?"

அவர் கராஜ் பக்கம் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா, நெஸ்டர்?"

"தெரியும். ஆனா அது கலப்படம் இல்லடி. நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை கோதுமை இருந்தா எந்தத் தானியக் கிடங்குக்காரனும் சுத்தமான ஓட்ஸுன்னுதான் எழுதுவான். முதல் தரம்னு எழுதுவான்! முப்பத்து நாலு வருஷமா அப்படித்தான் எழுதினாங்க."

"கிடங்குக்காரன் எழுதுவான். உன் குடல் எழுதாதே."

அவர் அந்த ஒற்றைக் கோதுமையை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தார்.  பிறகு அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு, மேல்கோட்டுகூடப் போடாமல், அந்தக் குளிரில் கொல்லைப்புறம் போய்ப் பறவைகளுக்குக் கொட்டினார்.

வெர்னா மரக் கரண்டியை எரித்தாள். புதிய வாளி, புதிய கோப்பை. மூடியின் மேல் குறுக்காகக் காகித நாடா ஒட்டித் தேதியும் தன் கையெழுத்தும் போட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் மறுபடி பிரோகிக்குப் போனாள். வந்ததும் தலை குளித்துவிட்டு முதலில் நாடாவைத்தான் பார்ப்பாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி எண் 66. எடை எழுபத்தைந்து. சஸ்கட்டூன் போக வேண்டாம் என்றார் டாக்டர். ஊர் திரும்பும்போது நெஸ்டர் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டதை வெர்னா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மே மாதம் வீட்டுக்குப் பின்னால் ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் நிலத்தை நெஸ்டர் மண்வெட்டியால் கொத்தினார். உமியில்லா ஓட்ஸைக் கையால் விதைத்தார். செப்டம்பரில் அரிவாளால் அறுத்து, புதுத் துணியில் போட்டுத் தட்டி, சமையலறை மேசையில் வெள்ளை விரிப்பு விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு மணியாக ஒதுக்கினார். நாலரைக் கிலோவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

"இதுல ஒரு கோதுமை இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்," என்றார்.

வெர்னா அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் மணியிலிருந்து தொடங்கினாள். அவளுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பக்கத்தில் ஒரு தேநீர்த் தட்டு. கடைசி நாள் அந்தத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எத்தனை?"

"மூணு."

விதையிலேயே இருந்திருக்க வேண்டும். டாரிலின் தானியத் தொட்டியிலிருந்து எடுத்த விதை. நெஸ்டர் மூன்றையும் புரட்டிப் பார்த்தார். விரிப்பில் இருந்ததை ஓட்ஸ் இல்லை என்று சொல்ல இடமில்லை. அதில் கோதுமை இல்லை என்று சொல்லவும் இடமில்லை.

"நாலரைக் கிலோவுக்கு மூணு மணி, வெர்னா. இதைவிடச் சுத்தம் இந்த மாகாணத்திலேயே கிடையாது."

"கிடையாது," என்றாள். வாதாடவில்லை.

அன்று உருட்ட வேண்டிய நாள். வாளியில் ஓட்ஸ் தீர்ந்திருந்தது. நெஸ்டர் விரிப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து முத்திரை போட்ட பையை எடுத்தார். இழுப்பறையில் கத்தரிக்கோலைத் தேடிப் பிடித்து, பையின் வாயை அவரே வெட்டி, வாளியில் கொட்டினார்.

வெர்னா நாடாவை ஒட்டித் தேதி எழுதினாள்.