அன்பு நடைக்கு மாப்பிள்ளை வந்தார்

என் மகளின் இடது கைச் சுண்டுவிரலை மாப்பிள்ளை உடைத்தது ஆனி மாதக் கடைசியில். போனைக் கேட்டிருக்கிறார். அவள் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது. விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கிவிட்டார். அதற்கு முன்னால் பெல்ட். அதற்கும் முன்னால் கன்னத்தில் அறை. கல்யாணம் ஆனது தையில்தான்.

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். அவர் தறிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் போய் மகளைக் கூட்டிவந்தேன்.

ஆடி பிறந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. கல்யாணமான முதல் வருசம் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். அந்த மாதம் புருசன் ஓர் இடம், பெண்டாட்டி ஓர் இடம். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னேன். விரல் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். கம்பெனியில் எல்லோரும் நம்பினார்கள்.

கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் எனக்கு வைண்டிங் வேலை. செம்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாருக்குள் இருக்கிற பள்ளங்களில் தட்டி இறக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்து பல வருசமாகிறது. வீட்டில் நானும் மகளும்தான்.

மாப்பிள்ளை வந்து கதவை உதைத்தார். திறக்கவில்லை. மறுபடியும் வந்தார். கதவுக்கு வெளியே நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"ஆடி முடியற வரைக்கும் எல்லாம் இருக்க மாட்டனுங்க அத்தை. என்ற பொண்டாட்டி என்ற ஊட்ல இருக்கோணும். இல்லீன்னா எங்கயும் இருக்க மாட்டா. பாத்துக்குங்க."

செய்வார் என்று தெரியும். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப்போனேன். சுற்றின கம்பியை நூலால் கட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஒரு விரல் கட்டோடு கட்டினாள்.

எங்கள் முதலாளி ஒரு சங்கத்தில் இருக்கிறார். வருசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்.எஸ்.புரத்தில் அன்பு நடை நடத்துவார்கள். அன்பு, பொறுமை, நேர்மை, பெரியவர்களை மதிப்பது, இப்படி மனிதனுக்கு இருக்க வேண்டிய குணங்களை ஊருக்குச் சொல்லிக்கொண்டு நடப்பது. கம்பெனி ஆட்கள் எல்லோரும் வர வேண்டும். பனியன், தொப்பி, முடிந்ததும் பொங்கல் பொட்டலம்.

மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அத்தனை நல்ல மனுசர்கள் இருக்கிற இடத்தில் என்ன செய்துவிடுவார் என்று நினைத்தேன். கூட்டிப்போனேன்.

சேலைக்கு மேல் பனியனை மாட்டினோம். வைண்டிங்கில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு வாய் ஓயாது.

"ஏனக்கா, நானு பருத்தி மூட்டையாட்ட இருக்கறனா?"

"மூட்டை பேசாது அம்மணி" என்றேன்.

மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

குச்சியில் அறைந்த அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். நான் அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடக்கச் சொல்லிவிட்டார்கள். முன்னால் ஒருவர் மைக்கில் "அன்பு செய்வோம்" என்றார். நாங்கள் "ஆத்திரம் தவிர்ப்போம்" என்றோம். நகைக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒரு திருப்பத்தில் மாப்பிள்ளையின் வண்டி நின்றது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு நேராக வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது.

மாப்பிள்ளை எதிரே வந்தால் வாங்க என்று சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாங்க மாப்ள."

வைண்டிங்கில் பக்கத்தில் உட்காருகிறவள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "இவருதானா உங்க மாப்ள! ஆடி முடியறதுக்குள்ள மாப்ளைக்குத் தாங்கல பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "ஏனுங்க, மாப்ளைக்கு ஒரு பனியன் குடுங்க. பொண்டாட்டி பக்கத்துல நில்லுங்க மாப்ள. இங்கெல்லாம் ஆடி பாக்கறதில்லீங்க."

மாப்பிள்ளையும் சிரித்தார். பனியனை வாங்கி மாட்டினார். அவள் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "நீங்க பொறகால வாங்கக்கா. சின்னஞ்சிறுசுக நடக்கட்டும்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தள்ளியிருக்க மாட்டாள். நான் சொல்லவில்லை. பின்னால் போனேன்.

போட்டோ எடுக்கிறவர் ஓடிவந்தார். "ஜோடியா நல்லா இருக்குதுங்க. அப்படியே கையைப் புடிச்சுக்குங்க."

மாப்பிள்ளை அவளுடைய இடது கையைப் பிடித்தார். கட்டுப் போட்ட விரல் அவர் கைக்குள் போயிற்று. கை இறுகியது. அவர் விரல் முட்டிகள் வெளுத்தன. போட்டோ எடுத்தார்கள். மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. எல்லோரும் "ஆத்திரம் தவிர்ப்போம்" என்று கத்தினார்கள். அவள் வாயும் திறந்திருந்தது.

அவர் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. "கத்துனீன்னா அடுத்த விரலையும் ஒடிச்சுப்போடுவேன். வந்து வண்டில ஏறு."

"கையை விடுங்க மாப்ள" என்றேன்.

திரும்பாமலே சொன்னார். "நீங்க கம்முனு நடங்க அத்தை."

வரிசையை விட்டு அவளை இழுத்தார். அவள் தார் ரோட்டில் உட்கார்ந்துகொண்டாள். "நான் வரலீங்க" என்றாள். அறைந்தார். தொப்பி பறந்தது. ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு முடியைக் கையில் சுற்றிக்கொண்டார். வண்டிப் பக்கமாக இழுத்தார். முட்டி தேய்ந்து ரத்தம் ரோட்டில் கோடாக வந்தது. எழவில்லை என்றதும் வயிற்றில் உதைத்தார். மறுபடி உதைத்தார்.

நடக்கிறவர்கள் இரண்டு பக்கமும் விலகி நடந்தார்கள். மைக் வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "ஏனுங்க, குடும்ப விசயத்தை ஊட்ல போயிப் பேசிக்குங்க. லைன் கலையுதுங்க."

நான் அட்டைக் குச்சியால் அவர் முதுகில் அடித்தேன். குச்சி முறிந்தது. அவர் ஒரு கையால் என்னைத் தள்ளினார். நடைபாதைக் கல்லில் தலை மோதியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எழுந்தேன். ஹெல்மெட் அங்கே கிடந்தது. எடுத்தேன்.

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. திரும்பினார். அடுத்தது வாயில். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. மண்டி போட்டார். தோளில் அடித்தேன். கையால் தலையை மறைத்தார். கையில் அடித்தேன். எலும்பு விட்டது தெரிந்தது. நாள் முழுக்கக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிற கை என்னுடையது. அதற்கு ஓய்வு தெரியாது.

"விடுங்க மாப்ள, விடுங்க மாப்ள" என்று சொல்லிக்கொண்டே அடித்தேனாம். அவர் முதல் அடியிலேயே விட்டுவிட்டார். மகள் எழுந்து தள்ளிப்போய் நின்றிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. கம்பெனி ஆட்கள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள்.

அவர் அடித்தபோது நடை நிற்கவில்லை. இப்போது நின்றிருந்தது.

பக்கத்தில் உட்காருகிறவள் அழுதாள். "ஆடிக்குன்னுதானக்கா சொன்னீங்க. நானே புடிச்சு நிறுத்திப்போட்டனே."

ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். என் தலையில் கட்டு. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில். தாடையும் கையும் உடைந்துவிட்டன என்று சொன்னார்கள்.

எஸ்.ஐ. என்னைக் கேட்டார். "மருவாதி குடுத்துட்டே அடிச்சீங்களாமா?"

"மாப்ளையை வா போன்னு எப்படிங்க பேசறது" என்றேன்.

பக்கத்தில் இருந்த போலீஸ் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை. கை கட்டி நின்று பேசினார். "புள்ளைய எங்க கூட அனுப்பி வெச்சுருங்க. நாங்க கம்ப்ளைண்ட் குடுக்கலீங்க. இல்லீன்னா இந்தம்மா உள்ள போகோணும். வயசான காலத்துல எதுக்குங்க?"

எஸ்.ஐ. மகளைப் பார்த்தார். "சொல்லும்மா. போறயா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்காகப் போய்விடுவாள் என்று பயந்தேன். அப்படிப்பட்ட பெண்தான். போனால் திரும்பி வர மாட்டாள்.

"கண்ணு, நான் ஜெயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். "அங்கயும் மூணு வேளை சோறு போடறாங்களாமா."

அவள் முட்டியில் இருந்த மண்ணைத் தட்டினாள். எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா மேல எழுதிக்குங்க சார். அவரு மேல நான் சொல்றேன். அதையும் எழுதுங்க. நான் போகலீங்க."

தையிலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்தாமல் சொன்னாள். எழுதுகிறவர் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அறைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நடந்தது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை இங்கே சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் தலை குனிந்து வெளியே போனார்.

நான் சில நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தேன். முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை. "நடைக்கு மட்டும் இனிமே வேண்டாமுங்க" என்றார். சரிங்க என்றேன்.

கேஸ் நடக்கிறது. என் மேல் ஒன்று, அவர் மேல் ஒன்று. சில சமயம் ஒரே நாளில் வாய்தா விழும். கோர்ட் வராந்தாவில் எப்போதும் கூட்டம். உட்கார இடம் இருந்தால் ஒரே பெஞ்சில்தான் இருக்கும். மகள் சுவர் ஓரமாக உட்காருவாள். அவர் அந்தக் கடைசியில். நான் நடுவில் உட்காருவேன். கூப்பிடுகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.