வண்டி வாங்க வந்தவர் மாற்றச் சொன்ன டயர்

பாறைகளின் மேல் மெதுவாக, காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி அது. ட்ரையல்ஸ் பைக் என்பார்கள். சீட்டு கிடையாது; நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். மேட்டுப்பாளையம் போகும் வழியில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துப் பாறைகளில் ஞாயிறு காலைகளில் ஓட்டுவேன். என் மனைவி குடையோடு உட்கார்ந்து, நான் எத்தனை முறை கால் வைக்கிறேன் என்று எண்ணுவாள்.

முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. முன்பு சுலபமாக ஏறிய இடுப்புயரப் பாறையில் பாதியிலேயே பின் சக்கரம் வழுக்கியது. "ஏனுங்க, இன்னைக்குப் பதினொண்ணு" என்றாள் ஒரு நாள், குரலைத் தாழ்த்தி. ஐம்பதைத் தாண்டிய உடம்பு இவ்வளவுதான் என்று வண்டியை விற்க முடிவு செய்தேன். பம்பு கம்பெனியில் தேய்ந்த பாகங்களைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆனாலும் நான் சந்தேகப்பட்டது முழங்காலை மட்டுமே.

வண்டியைப் பார்க்கத் தாராபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கால்நடை மருத்துவர். அதே பாறையில் மூன்று முறை ஏற்றிப் பார்த்தார். மூன்று முறையும் வழுக்கியது. இறங்கி, பின் டயரைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எப்ப மாத்துனதுங்க?"

"ரெண்டு வருசமாச்சுங்க. டயர் மேல துருத்திட்டிருக்கற பட்டனெல்லாம் உயரம் இன்னும் இருக்குதுங்களே."

"உயரம் இருக்குதுங்க. மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு பாருங்க. பாறையைப் பிடிக்கறது அந்த மூலைதானுங்க. ஏனுங்க விக்கறீங்க?"

முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"டயரை மாத்திப் பாருங்க. அப்பறமும் விக்கணும்னு தோணுச்சுன்னா நானே வாரேனுங்க."

தன் பழைய வண்டிக்கென வாங்கி, மாட்டும் முன்பே அந்த வண்டியை விற்றுவிட்டதால் சும்மா கிடந்த புது டயரை அடுத்த வாரமே பஸ்ஸில் அனுப்பியும் வைத்தார்.

மாட்டிக்கொண்டு போன முதல் ஞாயிறு, பழகிய கணக்கில் ஆக்சிலேட்டரைத் திருகினேன். டயர் பாறையைக் கவ்விய வேகத்தில் முன் சக்கரம் வானத்தைப் பார்த்தது. நான் மல்லாக்க விழுந்தேன். மனைவி பதறி ஓடிவந்தாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வழுக்கலைச் சமாளிக்க இத்தனை நாள் கூடுதலாகத் திருகிப் பழகியிருந்த கை அது. புது டயர் விறைப்பாக இருந்ததால் பாறையில் பட்டுத் துள்ளவும் செய்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். பாதித் திருகலில், கிளச்சை மெல்ல விட்டேன். வண்டி நிதானமாக மேலே போய் நின்றது. கால் கீழே படவில்லை.

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். "அப்ப எனக்கு வண்டி இல்லைங்களா?" என்றார், சந்தோஷமாக.

அவருக்கு ஒரு வண்டி தேடும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் ஆனைமலைப் பக்கம் ஒன்று கிடைத்தது. இப்போது சில ஞாயிறுகளில் அவரும் தோட்டத்துக்கு வருகிறார். என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் என் வண்டியை அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நானும் மனதார நன்றி சொல்லி அனுப்பியிருப்பேன்.