ஷிஃப்ட் மாறும் நேரம்

கணினித் திரையில் ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். அதையும் மூக்கு உரசும் தூரத்தில் குனிந்துதான் மாமா படிப்பார். அவர் என் அக்காவின் கணவர். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுவதும் இருட்டுவதற்குள், கண் இல்லாமலும் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று அவருக்கு. நான் மென்பொருள் வேலையில் இருப்பவள். ஞாயிறுதோறும் குருவிநத்தத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போய், கணினிக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தேன்.

பாடமெல்லாம் குட்டிப் புதிர்கள்தான். எண் வரிசையில் மிகப் பெரியது எது, ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்தானா, இப்படி. லிட்டரேட் புரோகிராமிங் என்று ஒரு முறை உண்டு என்று நான்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். என்ன செய்யப்போகிறோம், ஏன் அப்படி என்று மனிதருக்குச் சொல்வதுபோல எழுதிக்கொண்டே போய், அந்தந்த இடத்தில் நிரலின் துண்டை வைப்பது. நான் அதைப் படித்ததோடு சரி. மாமா பிடித்துக்கொண்டார். நாலு வரி நிரலுக்கு ஒரு பக்கம் தமிழ் எழுதுவார். எனக்குப் பொறுமை கிடையாது. விடை வந்தால் போதும் என்பது என் கட்சி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார், எழுதுவதை மட்டும் விடமாட்டார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன், இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று.

“ஷிஃப்ட் மாறும்போது மெஷின்ல இன்னா செஞ்சிருக்கேன், ஏன் செஞ்சேன்னு வர்ற ஆளாண்ட சொல்லிட்டுதாம்மா வூட்டுக்குக் கெளம்புவேன்,” என்றார். “இதுல வர்ற ஆளும் நான்தான். கண்ணு இல்லாம வருவேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரிலேயே உட்கார்ந்து அழுவதுகூட அவருக்குத் தெரியவில்லை என்பது இன்னும் அழவைத்தது. அதன்பிறகு நான் கேலி செய்யவில்லை. அலுவலகத்தில் என் நிரல்களையும் அப்படியே எழுத ஆரம்பித்தேன்.

இப்போது மாமாவுக்கு வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. தொழிற்சாலை வேலையை விட்டாயிற்று. கணினிதான் அவருக்குப் படித்துக் காட்டுகிறது. நிரலின் அடைப்புக்குறிகளையும் புள்ளிகளையும் அது கடகடவென்று ஒப்பிக்கும்போது எனக்கே தலை சுற்றும். நடுவில் அவருடைய தமிழ் வரும்போதுதான் எங்கே இருக்கிறோம் என்று பிடிபடும். போன ஞாயிறு, பார்வை இருந்தபோது எழுதிய, வரிசையில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை ஓட்டிப் பார்த்தார். எண்ணே இல்லாத வரிசையைக் கொடுத்ததும் நிரல் நின்றுவிட்டது. தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விசைப்பலகைப் பக்கம் கையும் போய்விட்டது. மாமா தலையைச் சாய்த்து, முதலிலிருந்து மறுபடி படிக்கவைத்துக் கேட்டார்.

“ஒண்ணுமே இல்லாம வந்தா இன்னா பண்றதுன்னு போன ஷிஃப்ட்டுக்காரன் சொல்லாம போய்ட்டாம்மா,” என்றார்.

பிறகு விசைகளைத் தடவித் தடவி, விட்டுப்போன வாக்கியத்தை அவரே எழுதத் தொடங்கினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.