ஜெயந்தியின் போனும் என் மன்னிப்புக் கடிதமும்

யார் யாருக்கோ எதையெதையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, தண்ணீர் வரவில்லை என்று மனு, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி உரை... ஆனால் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கடிதம் கேட்டு ஒருத்தி வந்து நின்றது, போன ஞாயிற்றுக்கிழமைதான்.

ஜெயந்தி. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் குவாலிட்டி செக்கிங். கடைந்து வரும் ஷாஃப்ட் தண்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவதுதான் வேலை.

கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. லேப்டாப்பும் கிடையாது. இருப்பது ஒரு பழைய போன். வாங்கும்போது அதிலிருந்த சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்தைத் தானே போட்டுக்கொண்டாள். அதில் லிஸ்ப் என்று ஒரு ப்ரோக்ராம் மொழியை ஓடவிட்டாள். ஒரே அடைப்புக்குறி மயம், பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அவளோ ட்ரெயினில் நின்றபடியே கட்டைவிரலால் டைப் அடிப்பாள்.

ஆறு மாதம் அப்படி அடித்து ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். அளந்த அளவுகளைப் போட்டால் போதும் — அளவு துளித்துளியாக ஏறுகிறது, கடைகிற டூல் தேய்கிறது, மாற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடும். சரக்கு வீணாவது குறைந்தது. சூப்பர்வைசரே வந்து, "இன்னாம்மா சொல்லுது உன் போனு?" என்று கேட்டுவிட்டுத்தான் டூலை மாற்றுவாராம்.

அப்புறம் வந்தது அட்டெண்டன்ஸ் ஆப். எல்லோரும் போனில் ஏற்றியாக வேண்டும் என்று உத்தரவு. சிஸ்டம் மாற்றிய ஜெயந்தி போனில் மட்டும், 'இந்தச் சாதனம் நம்பத்தக்கது அல்ல' என்று ஆப் திறக்க மறுத்தது. ஐ.டி. பார்க்கிற ஆள் போனை வாங்கிப் பார்த்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அடைப்புக்குறிகள்...

"இன்னாம்மா, ஹேக்கிங் பண்றியா?"

சினிமாவில் பார்த்ததை வைத்து ஒரு பெண்ணைத் திருடியாக்க முடியுமா? முடிந்ததே! அவள் வாயைத் திறப்பதற்குள் ரீசெட் அமுக்கிவிட்டார். ஆறு மாத உழைப்பு மொத்தமும் காலி. அதோடு விட்டார்களா? கைப்பட மன்னிப்புக் கடிதம் தரணுமாம், இல்லாவிட்டால் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். அந்தப் பட்டறையில் எதற்கும் கடிதம்தான். லேட்டா? கடிதம். டூல் உடைந்ததா? கடிதம்.

"அந்த சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலையாடி?"

"தலய குனிஞ்சிகினு நின்னாருக்கா."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நீங்களே சொல்லுங்கள் — தன் போனுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பட்டறையில் அவள்தான். அவள் போன்தான் நம்பத்தக்கது இல்லையாம்! உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, நம் போனெல்லாம் உத்தமமாம். என்ன அநியாயம் இது?

சுடச்சுட ஒரு பக்கம் எழுதினேன். உங்கள் சரக்கைக் காப்பாற்றியதற்கா தண்டனை, அழித்ததற்கு நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிழித்துத் தொங்கவிட்டேன். ஜெயந்தி பொறுமையாகப் படித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சூப்பரா கீதுக்கா. ஆனா இத்த குடுத்தா வேல பூடும். ஊட்ல அவருக்கும் இப்ப வேல இல்ல. தப்பு பண்ட்டேன்னே எழுதிக் குடுக்கா."

எழுதினேன். 'அறியாமல் செய்துவிட்டேன், இனி இதுபோல் நடக்காது' என்று, கை கூசக் கூச எழுதினேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து தன் கையெழுத்தில் பார்த்து எழுதி எடுத்துப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் மாடியேறி வந்தாள். "ஒத்துக்கினாங்கக்கா. மேனேஜர் படிச்சிட்டு, 'நல்லா எழுதிக்கீறியேம்மா'ன்னாரு."

அந்தப் பட்டறைக்காக அவள் ஆறு மாதம் எழுதிய உண்மையை ஒரு நொடியில் அழித்தவர்கள், நான் அரை மணி நேரத்தில் எழுதிய பொய்யை ஃபைல் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!